மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், வரன் வந்திருக்கிறது: பெண் வீட்டில் சொல்வதா, மறைப்பதா?

நொய்யல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 33. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது எனக்கு மனச்சிதைவு நோய் வந்தது. முதலில் தூக்கம் போனது. அப்புறம் விடுதியில் பக்கத்து அறைக்காரர்கள் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றியது. சில வாரத்தில் யாரும் இல்லாத அறையிலும் அந்தப் பேச்சு கேட்க ஆரம்பித்தது. இரண்டு ஆண் குரல்கள். நான் பல் துலக்கினால் "இப்போ பல் துலக்குறான்" என்று ஒன்று சொல்லும், இன்னொன்று சிரிக்கும். என் போனில் ஏதோ வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

வீட்டில் செய்வினை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். தாய்மாமா ஒருவர்தான் பிடிவாதமாக மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ஓலன்சபின் கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின, ஆனால் உடம்பு ஊதிவிட்டது. பிறகு மருந்தை மாற்றினார்கள். இப்போது ராத்திரி ஒரே ஒரு மாத்திரை. பல வருடமாக வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், தம்பியின் படிப்புக்குப் பணம் கட்டினேன், வீட்டுக் கடன் பாதி அடைத்தாகிவிட்டது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரி கண் விழித்தால் மட்டும் சத்தம் மாதிரி ஏதோ லேசாகத் தட்டும். நல்லபடி தூங்கினால் போய்விடும்.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பள்ளி ஆசிரியை. ஜாதகம் பொருந்திவிட்டது. வருகிற ஞாயிறு அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். அம்மா சொல்வது ஒன்றுதான்: "வாயைத் திறக்காதே. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்." எனக்கு மனசு ஒப்பவில்லை. சொன்னால் இந்த வரன் போய்விடும், அதோடு ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. இதே நிலையைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அய்யனார்_துணை

தம்பி, வயசில் பெரியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சொல்லாதே. உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் நேர்மையாகச் சொன்னான். அந்த வரன் போனது மட்டுமில்லை, சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குப் போன் போய்விட்டது. அவன் தங்கைக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றுபோயின. "அந்தக் குடும்பத்தில் பைத்தியம் ஓடுது" என்று ஒரு வாய் சொன்னால் போதும், அதை யாராலும் அழிக்க முடியாது. உனக்குத் தம்பி வேறு இருக்கிறான் என்கிறாய். நீ நன்றாக இருக்கிறாய், சம்பாதிக்கிறாய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முதலில் கல்யாணம் ஆகட்டும், ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தங்கைக்காக

அய்யா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்த ஒரு வீட்டில்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்தோம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் மாப்பிள்ளை தூங்குவதை நிறுத்தினார். ராத்திரி முழுக்க ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, மொட்டை மாடியில் ஆள் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் சமைத்ததைச் சாப்பிட மாட்டார், விஷம் கலந்திருக்கிறாள் என்ற சந்தேகம். அவளுக்கு 24 வயது. அது என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "இத்தனை நாள் நல்லா இருந்த பையன், நீ வந்த நேரம் இப்படி ஆயிட்டான்." கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பழைய கோப்பை எடுத்தார். எட்டு வருடச் சிகிச்சை அதில் இருந்தது. கல்யாணத்துக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். பெண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால்.

என் தங்கை இன்றுவரை சொல்வது இதுதான்: "முதல்லயே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். சரின்னும் சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்கவே இல்லையே." அவள் பிரிந்து வந்தது நோய்க்காக இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவளிடம் நடித்தார்கள் என்பதற்காக.

நொய்யல்காரன், அந்தக் காங்கேயம் பெண்ணுக்கும் ஒரு அண்ணன் இருப்பான். அவனை நினைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை

தம்பி, நான் மதுரை. உங்களுக்கு இருக்கிற அதே நோய்தான் எனக்கும். 22 வயதில் வந்தது. என் வீட்டில் மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

மாத்திரையை எங்கே வைப்பது என்பதுதான் என் முதல் பிரச்சினை. அரிசி டிரம்மில் ஒரு துணிப்பையில் சுருட்டி வைத்திருந்தேன். கூட்டுக் குடும்பம், அடுக்களையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்து அப்படியே தூங்கிவிடுவேன். காலையில் எழுந்தால் மாத்திரை மயக்கம், மாமியார் சோம்பேறி என்பார். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டேன். டாக்டரைப் பார்க்க அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். கர்ப்பமானதும் குழந்தைக்கு ஆகாது என்று அம்மாவே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். டாக்டரைக் கேட்டிருந்தால் மருந்தை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லியிருப்பார். கேட்க வழியில்லை. பிரசவமாகி மூன்றாம் வாரம் நோய் முழு வேகத்தில் திரும்பியது. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு என்னை அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்போது நான் நன்றாக இருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறேன். மகளை அவ்வப்போது காட்டுகிறார்கள்.

ஆணுக்கு இந்த நோய் என்றால் "பொண்டாட்டி வந்து பார்த்துக்குவா" என்கிறார்கள். பெண்ணுக்கு என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முறையாக விவாகரத்தும் கிடையாது, ஜீவனாம்சமும் கிடையாது. தாலியைக் கழற்றாமல் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பற்றி மனச்சிதைவு நோய்க்காகவே இயங்குகிற சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் ஆய்வே செய்திருக்கிறார்கள். அதைப் பற்றி எங்கள் டாக்டர் சொன்னபோது என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

நான் சொல்ல வருவது, நோயை மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். மறைத்துச் சாப்பிடுகிற மாத்திரை ஒரு நாள் நின்றுபோகும். நின்றால் நோய் வரும். அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், அதுவும் நீங்கள் மிக மோசமாக இருக்கிற நாளில். உங்கள் சத்து மாத்திரை டப்பாவைப் படித்ததும் எனக்கு அரிசி டிரம்தான் ஞாபகம் வந்தது.

கோர்ட்டு_வாசல்

குடும்ப நீதிமன்றத்தில் வாதாடுகிறவன். சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது.

இந்து திருமணச் சட்டம், 1955. மனநோய் இருந்தால் கல்யாணமே செல்லாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனநிலை காரணமாகச் சம்மதமே சொல்ல முடியாத நிலையில் இருந்தாலோ, திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதியில்லை என்கிற அளவுக்கு நோய் இருந்தாலோ, புத்தி பேதலிப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தாலோதான் 5-ஆம் பிரிவு குறுக்கே வரும். விவாகரத்துக்கான 13-ஆம் பிரிவும் அப்படித்தான், சேர்ந்து வாழ முடியாது என்கிற அளவுக்கு நோய் கடுமையாக இருப்பதை நிரூபிக்க வேண்டும். 'மனச்சிதைவு' என்று சீட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. 2013-லும் ஒரு வழக்கு. கணவர், மனைவி இருவருமே டாக்டர்கள். மனைவிக்கு மனச்சிதைவு என்று சொல்லிக் கணவர் விவாகரத்து கேட்டார். அந்த அம்மா மேற்படிப்பு முடித்து வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சையில் கட்டுப்படுகிற நோயைக் காரணம் காட்டிப் பிரிய முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது. அதை நீதிமன்றம் தீர்மானித்தால்தான் உண்டு.

ஆனால் மறைப்பது வேறு விஷயம். முக்கியமான ஒரு தகவலை மறைத்துச் சம்மதம் வாங்கினால் அது 12-ஆம் பிரிவில் மோசடியாகும். தெரியவந்த ஒரு வருடத்துக்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். என் அனுபவத்தில் இந்த வழக்குகளில் கூண்டில் ஏறுகிறவர்கள் நோயை விட மறைத்ததற்காகத்தான் அதிகம் அவமானப்படுகிறார்கள். குறுக்கு விசாரணையில் மாத்திரைச் சீட்டை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அய்யனார்_துணை

தங்கைக்காக, உங்கள் வீட்டில் நடந்ததைப் படித்து வருத்தமாக இருந்தது. நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? "நேர்மையாக இரு" என்று எழுதுவது சுலபம். நாற்பது வயதில் தனியாக இருக்கிறவனுக்கு யார் சோறு போடுவது? அப்புறம் குழந்தைக்கு வருமா வராதா? பெண் வீட்டார் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வார்டு_சிஸ்டர்

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். குழந்தைக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இந்த நோய் வருகிறது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்கிற அளவு. அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வராது. அந்தப் பத்து என்பதும் சின்ன எண் இல்லை, அதனால் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டிய எண்தான். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த, அச்சு அசலாக இருக்கிற இரட்டையரிலேயே ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்குக் கட்டாயம் வரும் என்று கிடையாது. அதனால் இதை "ரத்தத்தில் ஓடுது" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

"கல்யாணம் ஆனால் சரியாகும்" என்பதை நான் வார்டில் வாரந்தோறும் கேட்கிறேன். ஆகாது அம்மா, ஆகாது. கல்யாணச் சமயத்தில்தான் தூக்கம் கெடுகிறது, சொந்தக்காரர்கள் கூட்டம், புது ஆள், புது வீடு. நோய் திரும்புவதற்கு வசதியான காலம் அதுதான். முகூர்த்தம் விடியற்காலை என்றால் முந்தின ராத்திரி தூக்கம் போச்சு. நொய்யல்காரன், தேதி குறிக்கிற நிலை வந்தால் காலை பத்து மணிக்கு மேல் முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள். இது சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் எங்கள் டாக்டர்கள் இதைத் தவறாமல் சொல்வார்கள்.

மருந்து பற்றியும் ஒன்று. பக்க விளைவு உண்மையானது. சிலருக்கு எடை ஏறும், சர்க்கரை ஏறும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். ரிஸ்பெரிடோனில் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், கர்ப்பம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. புது மாப்பிள்ளைகள் வெட்கப்பட்டு இதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ மாற்றவோ வழி உண்டு. தினமும் மாத்திரை தொல்லை என்றால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை போடுகிற ஊசியும் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடுவதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

பொறுமை_அம்மா

சிஸ்டர், உங்கள் நல்ல மனசு தெரிகிறது. ஆனால் சர்க்கரை மாதிரி என்று சொல்லாதீர்கள். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாரும் எங்களுக்கு வாடகை வீடு தராமல் இருந்ததில்லை.

என் மகனுக்கு இப்போது 41. இங்கே எல்லோரும் நன்றாக ஆனவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. பல மருந்து பார்த்தோம், கடைசியில் க்ளோசபின். அதற்கு வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று ரத்தம் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆரம்பத்தில் வாராவாரம். குரல் குறைந்தது. ஆனால் அவன் பேச்சும் குறைந்துவிட்டது. குளிக்கச் சொன்னால்தான் குளிப்பான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அங்கேதான். சொந்தக்காரர்கள் "வளர்த்த முறை சரியில்லை, சோம்பேறி" என்கிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் நோயில் ஒரு பகுதி என்று டாக்டர் எனக்குப் புரியவைக்கவே வருடங்கள் ஆயின. அவன் பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கினவன்.

யாரையும் அடித்ததில்லை. தெருப் பையன்கள்தான் அவன் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், காரணமாகச் சொன்னது "பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்பது. அவன் தலைநிமிர்ந்து யாரையும் பார்ப்பதுகூட இல்லை.

நான் படுத்துவிட்டால் இவனை யார் பார்ப்பது என்ற கேள்வி என்னை ராத்திரி தூங்கவிடுவதில்லை. கல்யாணம் செய்து வைத்தால் ஒரு துணை கிடைக்கும் என்று எனக்கும் பலர் சொன்னார்கள். ஒரு பெண்ணைச் சம்பளமில்லாத ஆயாவாகக் கூட்டி வருவதற்கு என் மனசு இடம் கொடுக்கவில்லை. தம்பி நொய்யல்காரா, உன் நிலைமை வேறு, நீ குடும்பம் நடத்தக்கூடியவன். தைரியமாகச் செய். ஆனால் சொல்லிவிட்டுச் செய்.

பருத்தித்துறை

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ எங்களுக்கு அங்கொடை. பள்ளிக்கூடத்தில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டும் என்றால் "அங்கொடையால வந்தவன்" என்று சொல்லுவினம். என்ரை அண்ணாவுக்கு இந்த வருத்தம் போர்க்காலத்தில் தொடங்கினது. அந்த நேரம் இராணுவம் தன்னைப் பின்தொடருது என்று அவர் சொன்னால், அது வருத்தமா உண்மையா என்று எங்களுக்கே விளங்காது. பாதை பூட்டினால் மருந்தும் வராது. மருந்து இல்லாமல் போன ஒவ்வொரு முறையும் அவர் பழையபடி ஆகிவிடுவார். இப்ப மந்திகை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகிறார், தோட்டம் செய்கிறார். கலியாணம் கட்டவில்லை. தம்பி, மருந்து தடங்கலில்லாமல் கிடைக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதேங்கோ. அம்மா, உங்கட மகனுக்காக வேண்டுகிறேன்.

ராம்நாடு_ரஃபி

ஏர்வாடிப் பக்கம்தான் எனக்குச் சொந்த ஊர். முதல் பதிவில் கயிறு கட்டியதைப் பற்றிப் படித்தேன், அதனால் இதைச் சொல்லத் தோன்றியது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இங்கே தர்கா பக்கம் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அப்போது நான் சின்னப் பையன், அந்தப் புகை வாசனை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கொட்டகைகளையெல்லாம் மூடினார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. இப்போது 2017 சட்டத்தின்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது.

தர்காவுக்கு வருகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சிலர் திட்டுகிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? இங்கே வந்தால் "உன் பிள்ளை பைத்தியம்" என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த நிம்மதிக்காகவே பாதிப் பேர் வந்தார்கள். பிறகு அரசாங்கமே தர்காவிலேயே டாக்டரை உட்காரவைத்து மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செய்தது. குணசீலத்துப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குகிறவர்களும் உண்டு. சாமி கும்பிடுங்கள், துஆ செய்யுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

நொய்யல்காரன்

எல்லோர் பதிவையும் ராத்திரி படித்தேன். வைகைக்கரை அக்கா, அரிசி டிரம் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். பொறுமை_அம்மா, உங்கள் பதிவை என்னால் வாசித்துக் காட்ட முடியவில்லை.

சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எப்படி? யாரிடம் முதலில்? "எனக்கு மனச்சிதைவு" என்று ஆரம்பித்தால் அவர்கள் கண் முன்னால் சினிமாவில் வருகிற ஆள்தான் வந்து நிற்பான். இரண்டு ஆளாக மாறிக் கொலை செய்கிறவன்.

வைகைக்கரை

நோயின் பேரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் தம்பி. இங்கே முதல் பதிவில் எழுதினீர்களே, அதே வரிசையில் சொல்லுங்கள். கல்லூரியில் உடம்பு முடியாமல் போனது, தூக்கம் போனது, இல்லாத குரல் கேட்டது, டாக்டரிடம் போனேன், இன்ன மருந்து, இத்தனை வருடமாக வேலை. கடைசியில் பேரைச் சொல்லுங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், "நரம்புத் தளர்ச்சி", "டென்ஷன்" என்றெல்லாம் மழுப்பினால் பிறகு அதுவும் பொய்யாகிவிடும். முடியாமல் போனால் உங்களைப் பார்க்க எப்படி இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு வருவதற்கு முன்னால் டிவியில் பேசுவது என்னைத்தான் என்று தோன்றும். இப்போது என் அக்காவுக்கு அது தெரியும், நான் டிவியை அணைத்தால் உடனே டாக்டருக்குப் போன் போடுவாள். பக்கத்தில் இருக்கிறவருக்கு அந்த அடையாளம் தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்காமலே தப்பிக்கலாம்.

அய்யனார்_துணை

உன் முடிவில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. சொல்வதானால் ஒழுங்காகச் சொல். தரகர் காதுக்குப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற சபையில் சொல்லாதே. அதற்கு முன்னாலேயே, உன்னை டாக்டரிடம் கூட்டிப்போன அந்த மாமாவை அழைத்துக்கொண்டு போய், பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் மட்டும் பேசு. வேண்டாம் என்றால் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளலாம் என்று நீயே முன்வந்து சொல். அவர்களுக்கும் ஒரு வழி கொடுத்த மாதிரி இருக்கும், ஊரிலும் பேச்சு வராது. உன் மாமா நல்ல மனுஷன். அந்தக் காலத்தில் அவரைப் போல ஒருவர் எங்கள் சொந்தத்துப் பையனுக்கு இருந்திருக்கலாம்.

தங்கைக்காக

பெண்ணோடு தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அப்பா முன்னால் அவர் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும். பதில் சொல்ல நாலைந்து நாள் அவகாசமும் கொடுங்கள், அன்றைக்கே கேட்காதீர்கள்.

நொய்யல்காரன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமாவும் நானும் போய்விட்டு வந்தோம். மாமாதான் ஆரம்பித்தார், பாதியில் குரல் அடைத்துவிட்டது, மீதியை நான் சொன்னேன். பெண்ணின் அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே, ஏன் வந்து சொல்றீங்க" என்று கேட்டார். கோபமாகக் கேட்டாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெண்ணோடு தனியாகப் பேசினேன். மூன்று கேள்வி கேட்டார். மாத்திரை சாப்பிட்டால் எப்படி இருக்கும். நிறுத்தினால் எத்தனை நாளில் தெரியும். ஆபீசில் யாருக்காவது தெரியுமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றேன். "அப்போ உங்களுக்கு அங்க உடம்பு சரியில்லாமப் போனா யாரைக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

ஞாயிறு வருகையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று தெரிகிறது. ஆனால் பெண், தன் அண்ணனோடு வந்து என் டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மாலை. அதற்குப் பிறகு எப்படி முடிந்தாலும் சரி. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் என் பக்கத்து சீட் நண்பனிடம் டாக்டர் நம்பரையும் மாமா நம்பரையும் கொடுக்கப் போகிறேன்.

வார்டு_சிஸ்டர்

நொய்யல்காரன், நல்ல காரியம் செய்தீர்கள். வியாழக்கிழமைக்குச் சில விஷயங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் உங்கள் நோயைப் பற்றி அடுத்தவரிடம் பேசக் கூடாது, சட்டம் அப்படித்தான். அதனால் முன்கூட்டியே போய், இன்னாரிடம் பேசலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முதலில் மூவரும் சேர்ந்து உட்காருங்கள், பிறகு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள், அவரும் அண்ணனும் டாக்டரோடு தனியாகப் பேசட்டும். ஷிப்மெண்ட் சமயத்து ராத்திரி வேலை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், தேவையானால் சர்டிபிகேட் தருவார். இடையில் மனசு தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பொறுமை_அம்மா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது சரி, அந்த உதாரணத்தை இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டேன். மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா? 2016 சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அட்டை கிடைக்கும். உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை, ஆனால் எந்த இல்லத்தில் சேர்ப்பதானாலும், எந்த உதவித்தொகை கேட்பதானாலும் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். உங்கள் மாவட்டம் எது என்று தனிமடலில் சொல்லுங்கள், எந்தக் கிழமை குழு உட்காருகிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.